பழைய போர்ஷே 944-இல் சாலை இரைச்சலைக் குறைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1982 முதல் 1991 வரை விற்பனையான போர்ஷே 944-ஐ வைத்திருப்பவர்களும் வாங்க நினைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றுதான்: நெடுஞ்சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டினால் தலை கனக்கிறது, பக்கத்தில் இருப்பவரோடு கத்திப் பேச வேண்டியிருக்கிறது, உள்ளே தகட்டின் மேல் சத்தத்தை அடக்க என்ன ஷீட் ஒட்டலாம்? ஷீட்டுக்கு முன்னால் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்தக் காரில் இன்று கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு, முப்பது நாற்பது ஆண்டுகளில் உயிரிழந்துபோன ரப்பரால் வருவது. அதைச் சரிசெய்தபின் மிஞ்சும் சத்தத்துக்குத்தான் ஷீட்டும் ஃபோமும். கேள்விகளையும் அந்த வரிசையிலேயே வைத்திருக்கிறேன்.

944 புதிதாக இருந்தபோதே இவ்வளவு சத்தம் போட்டதா?

இல்லை. நான்கு சிலிண்டர் 2.5 லிட்டர் இன்ஜினின் அதிர்வை அடக்க, மிட்சுபிஷியின் காப்புரிமைக்கு உரிமம் பெற்று போர்ஷே இரண்டு பேலன்ஸ் ஷாஃப்ட்களைப் பொருத்தியது. அந்தக் காலத்தில் அத்தனை பெரிய நான்கு சிலிண்டர் இன்ஜின் இவ்வளவு மென்மையாக ஓடியது பெரிய விஷயம். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட்டுகளும் உள்ளே திரவம் நிரப்பியவை. ஆக, அமைதிக்காக மெனக்கெட்டுச் செய்த கார் இது.

ஆனால் உடலமைப்பில் ஒரு பலவீனம் உண்டு. சாதாரண செடானில் டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவே பின்சீட்டும் தகடும் நிற்கும். 944-இல் பின்சக்கர ஆர்ச்சுகள் (சக்கரத்தின் மேல் வளையும் தகடுகள்) இரண்டும் பின்புறம் மேலே திறக்கும் கண்ணாடிக் கதவுக்கு அடியில், உங்கள் காதோடு ஒரே அறைக்குள் இருக்கின்றன. கியர்பாக்ஸும் பின்னால், சாமான் வைக்கும் தளத்துக்குக் கீழேதான். பின்டயர் சாலையில் என்ன பேசினாலும் அது நேராக முன்சீட்டுக்கு வந்து சேரும். ரப்பர் எல்லாம் புதிதாக இருந்தவரை இந்தப் பலவீனம் பெரிதாகத் தெரியவில்லை.

எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு ஒரு மாலைப்பொழுதைச் செலவழியுங்கள். பிறகு செலவாகப்போகும் பணத்தில் பாதி மிச்சமாகும்.

சத்தம் காருக்குள் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, அதிர்வாக டயரிலிருந்து சஸ்பென்ஷன், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளிலுள்ள ரப்பர்), தளத்தகடு என்று உலோகத்தின் வழியே ஏறி, கடைசியில் தகடே ஸ்பீக்கர்போல அதிர்ந்து ஒலிப்பது. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான உறுமல் பெரும்பாலும் இந்த வகை. இன்னொன்று, காற்று வழியாகவே இடுக்குகளிலும் கண்ணாடியிலும் மெல்லிய தகட்டிலும் ஊடுருவி வருவது. டயரின் மேற்பரப்பிலுள்ள ரப்பர்ப் பட்டைகளின் 'ஷ்ஷ்', காற்றின் சீற்றம் எல்லாம் அந்த வகை. இரண்டுக்கும் மருந்து வேறு.

போக்குவரத்து இல்லாத சமதளச் சாலையில் 100 கி.மீ. வேகத்தில் கவனித்துக் கேளுங்கள். பிறகு கிளட்ச்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காரை உருள விடுங்கள். இன்ஜினை மட்டும் அணைக்காதீர்கள்: பிரேக்கின் வாக்யூம் உதவி போய்விடும், ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. சத்தம் சட்டென்று குறைந்தால் இன்ஜினும் எக்ஸாஸ்ட்டும் காரணம். குறையாவிட்டால் டயர், பியரிங், காற்று ஆகியவற்றில் ஒன்று. அடுத்து, சொரசொரப்பான கான்கிரீட் சாலையிலிருந்து வழுவழுப்பான புதுத் தார்ச் சாலைக்கு மாறும் இடத்தைப் பாருங்கள். அங்கே சத்தம் தலைகீழாக மாறினால் டயர்தான். மாறாமல் வேகத்தோடு மட்டும் ஏறினால் காற்று.

காற்றுச் சத்தம் வேகத்தோடு மிகக் கடுமையாக ஏறும். 100-இலிருந்து 120 கி.மீ.க்குப் போனாலே ஏறக்குறைய 5 டெசிபல் கூடும். டயர் சத்தம் அதே வேக மாற்றத்தில் 3 டெசிபல் அளவுக்குத்தான் ஏறும். எனவே 90-இல் சரி, 120-இல் தாங்க முடியவில்லை என்றால் முதலில் கதவு பீடிங்கை, அதாவது கதவு மூடும் விளிம்பில் ஓடும் ரப்பர்ப் பட்டையைப் பாருங்கள்.

ஃபோனில் இருக்கும் டெசிபல் ஆப்பை நம்பலாமா?

அது காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். ஆனால் ஒரே ஃபோன், ஒரே இடம், ஒரே சாலை, ஒரே வேகம், ஒரே கியர் என்று வைத்துக்கொண்டு முன்னும் பின்னும் ஒப்பிட்டால் நன்றாகவே உதவும். டயர் அழுத்தம், சாலையின் ஈரம்கூட ஒன்றாக இருக்கட்டும்.

டெசிபல் ஆப்பைவிட ஸ்பெக்ட்ரம், அதாவது எந்த ஹெர்ட்ஸில் எவ்வளவு சத்தம் என்று காட்டும் ஆப் பயனுள்ளது. வழக்கமான டெசிபல் மீட்டர் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்து எடைபோடும். 100 ஹெர்ட்ஸ் முழக்கம் உங்கள் மண்டையைக் குடைந்தாலும் மீட்டரில் அது பெரிதாகத் தெரியாது. ஸ்பெக்ட்ரத்தில் 100-இல் ஒரு முள், 210-இல் ஒரு முள், 1,000-ஐச் சுற்றி ஒரு மேடு என்று தனித்தனியாகத் தெரியும். கீழே வரும் பதில்களில் இந்த மூன்று எண்களும் திரும்ப வரும்.

முதல் செலவு எதில்?

டயரில். வேறெதிலும் இல்லை.

இத்தகைய கார்கள் ஆண்டுக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகின்றன. பட்டை தேயாததால் டயர் நன்றாக இருப்பதாகத் தோன்றும். ரப்பரோ வயதினால் இறுகிக்கொண்டே வரும். இறுகிய பட்டை சாலையின் ஒவ்வொரு கல்லையும் உள்ளே தட்டிச் சொல்லும். டயரின் பக்கச்சுவரில் 'டாட்' (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2314 என்றிருந்தால் 2014-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பத்து வயது தாண்டிய டயரோடு ஷீட் ஒட்ட உட்கார வேண்டாம். இரைச்சலை விடுங்கள், மழையில் அந்த டயர் காரைப் பிடித்து நிறுத்தாது.

புது டயர் எடுக்கும்போது பந்தயப் பாதைக்கான வகையைத் தவிருங்கள். சின்னச் சின்னப் பட்டைகள், சமமற்ற இடைவெளியில் அமைந்தவை, குறைவான ஓசை எழுப்பும். பெரிய முரட்டுப் பட்டைகள் 1,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் இரையும். நல்ல டூரிங் டயர் 944-இன் ஸ்டீயரிங் சுகத்தைக் கெடுத்துவிடும் என்ற பயம் சிலருக்கு உண்டு. 160 குதிரைத்திறன் சொச்சமுள்ள ஒரு காருக்கு, பொதுச்சாலையில், அந்தப் பயம் தேவையில்லை என்பது என் கருத்து.

ஐரோப்பிய டயர் லேபிளில் இருக்கும் டெசிபல் எண்ணைப் பார்த்து வாங்கலாமா?

அது காருக்கு வெளியே, சாலையோரத்தில் மைக் வைத்து அளந்தது. கேபினுக்குள் என்ன கேட்கும் என்பதை அது சொல்வதில்லை. 2021 மே முதல் லேபிளில் ஏ, பி, சி என்று வகுப்பும் போடுகிறார்கள். ஏ வகுப்பு டயர் வாங்குவது தெருவில் குடியிருப்பவர்களுக்கு நல்லது, உங்களுக்கும் ஓரளவு நல்லது. ஆனால் பக்கச்சுவர் விறைப்பான டயர், வெளியே அமைதியாக இருந்தாலும் அதிர்வை உள்ளே அனுப்பக்கூடும்.

17 அங்குல வீல் போட்டிருக்கிறேன். அதுவா காரணம்?

பெரும்பாலும் ஆம். இந்தக் கார் 15 அங்குலத்தில் 215/60, 16 அங்குலத்தில் முன்னால் 205/55, பின்னால் 225/50 என்ற அளவுகளுக்காக வளர்ந்தது. 17 அங்குலத்தில் 255/40 போட்டால் பக்கச்சுவர் குட்டையாகிறது. சாலையின் அடியை வாங்கிக்கொள்ளும் ரப்பரும் காற்றும் குறைகின்றன. அகலம் கூடுவதால் இரைச்சலும் கூடுகிறது. பழைய 15 அங்குல வீல் கையில் இருந்தால் ஒரு வாரம் மாட்டி ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை அது.

200 ஹெர்ட்ஸ் அருகே 'ங்ங்' என்று ஒரு தனி ஓசை கேட்பதற்கும் காரணம் டயர்தான். டயருக்குள் வளையமாக அடைபட்டிருக்கும் காற்று, குழல்போல ஒத்ததிர்கிறது. 225/50 ஆர் 16 டயரில் அந்த வளையத்தின் சராசரிச் சுற்றளவு சுமார் 1.63 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு 343 மீட்டர். வகுத்தால் 210 ஹெர்ட்ஸ். எந்த ஷீட்டும் இதை முழுதாக அடக்காது. உள்ளே ஃபோம் ஒட்டி வரும் டயர்கள் இதற்காகவே உள்ளவை, ஆனால் அவை பெரும்பாலும் இன்றைய பெரிய வீல்களுக்குத்தான் வருகின்றன.

புது டயர் போட்டேன். இன்னும் 'ஊஊ' என்று ஊளையிடுகிறதே?

வீல் பியரிங்கைச் சந்தேகியுங்கள். 70, 80 கி.மீ. வேகத்தில் மெதுவாக இடமும் வலமும் ஸ்டீயரிங்கை அசைத்துக் கேளுங்கள். இடது பக்கம் திரும்பும்போது பாரம் வலச்சக்கரத்தின் மேல் ஏறும். அப்போது ஊளை கூடினால் வலப்பக்க பியரிங். முன்சக்கரத்தில் இருப்பவை கூம்பு வடிவ ரோலர்கள், இறுக்கத்தைச் சரிசெய்ய முடியும். அளவுக்கு மீறி இறுக்கியிருந்தாலும் சத்தம் வரும், ஆயுளும் போகும். நட்டுக்கு அடியிலுள்ள வாஷரை ஸ்க்ரூ டிரைவர் முனையால் விரல் பலத்தில் நகர்த்த முடிய வேண்டும், அதுதான் சரியான இறுக்கம். பின்பக்க பியரிங் அழுத்திப் பொருத்தியது, பிரஸ் இல்லாமல் வீட்டில் மாற்ற முயல வேண்டாம்.

இன்னொரு காரணம், பின்சக்கர அலைன்மென்ட். காரைத் தாழ்த்தியிருந்தால் பின்சக்கரம் உள்பக்கமாகச் சாயும், டயர் ஓரம் ரம்பப்பல்போலத் தேயும். கையால் டயர் மேற்பரப்பை முன்னும் பின்னும் தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் உறுத்தும். அப்படித் தேய்ந்த டயரை அலைன்மென்ட் திருத்தாது. திருத்திவிட்டு டயரையும் மாற்ற வேண்டும்.

இன்ஜின் மவுண்ட் கெட்டுப்போனதை எப்படி அறிவது?

சிவப்பு விளக்கில் நிற்கும்போது உள்கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் நடுங்குகின்றனவா? மவுண்ட் போய்விட்டது. உள்ளே இருக்கும் திரவம் ஒழுகியபின் ரப்பர் மட்டும் நசுங்கி நிற்கும். எக்ஸாஸ்ட் பக்கத்து மவுண்ட் சூட்டில் முதலில் சாகும். பேலன்ஸ் ஷாஃப்ட் எவ்வளவு உழைத்தாலும் நசுங்கிய மவுண்ட் அதிர்வை முழுக்க உடலுக்குக் கடத்திவிடும். ஷாஃப்ட் பெல்ட்டைத் தவறான பல்லில் மாட்டியிருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும், அதையும் பார்த்துவிடுங்கள்.

இரண்டு மவுண்ட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். மலிவு விலையில் திரவமில்லாத திட ரப்பர் மவுண்ட் கிடைக்கிறது. அமைதிதான் குறிக்கோள் என்றால் திரவ மவுண்ட்டுக்கே போங்கள். பின்னால் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட்டையும் மறக்கக் கூடாது. அது கிழிந்தால் ஆக்ஸிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது 'டொக்' என்று கேட்கும், கியரின் முனகலும் தளத்தின் வழியே ஏறிவரும்.

இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் நீளக்குழாயான டார்க் டியூபுக்குள்ளும் பியரிங்குகள் உண்டு. நிறுத்தி, நியூட்ரலில் ஐடிலில் வைத்து நடு டன்னலில் (முன்சீட்டுகளுக்கு நடுவே ஓடும் மேட்டில்) காது கொடுங்கள். உர்ர் என்ற சத்தம் கிளட்ச்சை மிதித்ததும் நின்றால், டார்க் டியூபோ கியர்பாக்ஸின் உள்ளீட்டு பியரிங்கோ காரணம். மிதித்ததும் சத்தம் வந்தால் கிளட்ச் ரிலீஸ் பியரிங். டார்க் டியூபை மாற்றுவது பெரிய வேலை. இப்படி ஓர் ஊளைக்கு மேல் ஷீட் ஒட்டி மறைப்பது, நாளை வழியில் நிற்பதற்கு இன்று செய்யும் ஏற்பாடு.

சஸ்பென்ஷனில் பாலியூரிதேன் புஷ் போட்டால் நல்லதா?

அமைதிக்கு நல்லதல்ல. பாலியூரிதேன் ரப்பரைவிட விறைப்பானது. பின் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பிகள் (டார்ஷன் பார்) இருக்கும் குழாயை உடலோடு இணைக்கும் பெரிய ரப்பர்கள்தான் சாலைக்கும் உங்களுக்கும் நடுவே நிற்கும் கடைசிக் காவல். அவற்றை பாலியூரிதேனாகவோ உலோகமாகவோ மாற்றினால் கார் கூர்மையாகத் திரும்பும், கூடவே ஒவ்வொரு சாலைப் பொருத்தும் முதுகெலும்பில் கேட்கும். முந்தைய உரிமையாளர் பந்தயத்துக்காக இப்படி மாற்றியிருந்தால், நல்ல ரப்பருக்குத் திரும்புவது ஒரு டிக்கி நிறைய ஷீட்டைவிட அதிகம் சாதிக்கும்.

பின் கண்ணாடிக் கதவு கடகடக்கிறது. என்ன செய்வது?

இந்தக் காரில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் இடம் இது. அந்தப் பெரிய வளைந்த கண்ணாடி, சுற்றியுள்ள சட்டகத்தோடு பசையால் ஒட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் கேஸ் ஸ்ட்ரட்டுகள் (கதவைத் தூக்கிப்பிடிக்கும் தண்டுகள்) மேலே தள்ளிக்கொண்டே இருக்க, பசை விட்டுப்போகும். கதவை மூடிவிட்டு ஓரத்தில் கண்ணாடியை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். கண்ணாடிக்கும் சட்டகத்துக்கும் நடுவே இடைவெளி விரிந்தால் ஒட்டு விட்டுவிட்டது. மழைநீர் வரும், ஒவ்வொரு பள்ளத்திலும் முனகும், டயர் சத்தத்துக்கும் வாசல் திறந்துகொடுக்கும். சிலிக்கோன் பூசி ஒப்பேற்றுவது நிற்காது. கண்ணாடியைப் பிரித்து, பழைய பசையை முழுக்கச் சுரண்டி, கார்க் கண்ணாடிகளுக்கான யூரிதேன் பசையால் மறுபடி ஒட்ட வேண்டும். கண்ணாடி வேலை தெரிந்தவரிடம் கொடுப்பது நல்லது. மாற்றுக் கண்ணாடி கிடைப்பது எளிதல்ல.

ஒட்டு சரியாக இருந்தால் அடுத்தது பூட்டு முனைகள். இடமும் வலமும் இரண்டு உலோக முனைகள் கதவிலிருந்து கீழிறங்கிப் பூட்டுக்குள் போகும். அவை திருகு போட்டவை. முனை சற்று நீளமாக நின்றால் கதவு தளர்வாக உட்காரும், கடகடக்கும். அரைச்சுற்று, கால்சுற்று என்று இரண்டையும் சமமாகச் சரிசெய்து, ஒவ்வொரு முறையும் மூடிப் பாருங்கள். அதிகமாக இழுத்தால் மின் பூட்டுத் திறக்கத் திணறும்.

பிறகு, உடலின் விளிம்பில் ஓடும் பீடிங். இறுகித் தட்டையாகியிருந்தால் மாற்றுங்கள். எக்ஸாஸ்ட் வாடை உள்ளே வருகிறதென்றால் இந்த பீடிங் பிடிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். ஓடும் காரின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, புகை உள்நோக்கி இழுக்கப்படுகிறது. இது இரைச்சலைவிடப் பெரிய பிரச்சினை, தள்ளிப்போடாதீர்கள்.

இவ்வளவு சின்ன இடுக்கா அவ்வளவு சத்தத்தை விடும்?

கணக்குப் போடுவோம். கதவின் சுற்றளவு 4 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மில்லிமீட்டர் இடைவெளி சுற்றிலும் இருந்தால் 40 சதுர சென்டிமீட்டர் ஓட்டை. ஒலித் தடுப்பில் ஒரு விதி: பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, மற்ற 99 பங்கு எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கனமான வினைல் போர்த்திவிட்டு பீடிங்கை அப்படியே விட்டால் நடப்பது இதுதான்.

கதவு, சன்ரூஃப் பீடிங்குகளைச் சோதிப்பது எப்படி?

ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பிடித்து இழுபட வேண்டும். வழுக்கி வரும் இடத்தில் பீடிங் தொடவில்லை. நெடுஞ்சாலையில் உறுதிசெய்ய, கதவிடுக்குகளின் மேலும் சன்ரூஃபின் மேலும் பெயின்ட் மறைக்கும் டேப்பை ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் டேப்பைப் பகுதி பகுதியாக உரித்துக் குற்றவாளியைப் பிடிக்கலாம்.

944-இன் சன்ரூஃப் மின்சாரத்தால் பின்புறம் தூக்கும், கழற்றியும் எடுக்கலாம். அதன் உயரம் முன்னால் சற்றுத் தாழ்வாக, பின்னால் கூரையோடு சமமாக அமைய வேண்டும். முன்விளிம்பு ஒரு மில்லிமீட்டர் துருத்தினாலும் காற்று சீறும். புது பீடிங் வாங்குமுன் இந்த உயரத்தைத் திருத்துங்கள். உயிருள்ள பீடிங்குக்கு ஆண்டுக்கிருமுறை சிலிக்கோன் கிரீஸ் தடவினால் போதும். பெட்ரோலியம் ஜெல்லி சில ரப்பர்களை ஊதவைக்கும், வேண்டாம்.

இனி ஷீட்டுக்கு வருவோம். கடையில் பத்து வகை இருக்கின்றன. எது எதற்கு?

மூன்றே வேலைகள்தான். எந்தப் பொருளும் மூன்றையும் நன்றாகச் செய்யாது. விளம்பரம் அப்படிச் சொன்னால் நம்பாதீர்கள்.

முதல் வேலை, தகட்டின் அதிர்வை அடக்குவது. தட்டிய வெண்கலத் தாம்பாளத்தின் மேல் விரல் வைத்தால் ஓசை அடங்குவதுபோல. பியூட்டைல் பசையும் மேலே அலுமினியத் தாளும் கொண்ட 2 மில்லிமீட்டர் ஷீட் இதற்கானது. தகடு வளையும்போது தாள் வளைய மறுக்கும். நடுவில் சிக்கிய பசை இழுபட்டு, அதிர்வை வெப்பமாக மாற்றிவிடும். தகட்டை முழுதாக மூடத் தேவையில்லை. நடுப்பகுதியில் பரப்பின் கால்வாசி முதல் பாதி வரை ஒட்டினாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள். 'டங்' என்பது 'டப்' என்று மாறினால் போதும், அதற்கு மேல் ஒட்டுவது எடை மட்டுமே.

இரண்டாவது, காற்று வழி வரும் ஒலியைத் தடுப்பது. இதற்கு எடை வேண்டும். ஒரு சதுர மீட்டரின் எடையை இரட்டித்தால் தடுப்பு ஏறக்குறைய 6 டெசிபல் கூடும். சதுர மீட்டருக்கு 5 கிலோ இருக்கும் கன வினைல் இதற்கென உள்ள பொருள். அது தகட்டைத் தொடாமல், நடுவே 6 மில்லிமீட்டர் மூடிய துளை ஃபோம் வைத்து, இடைவெளியில்லாமல் போர்வையாக விரிய வேண்டும். நேராகத் தகட்டில் ஒட்டினால் பாதி வீண்.

மூன்றாவது, உள்ளே வந்துவிட்ட ஒலியை உறிஞ்சுவது. கம்பளி ஃபெல்ட், திறந்த துளை ஃபோம் போன்றவை. இவை உயர்ந்த ஒலிகளில்தான் வேலை செய்யும். 1,000 ஹெர்ட்ஸின் அலைநீளம் 34 சென்டிமீட்டர், அதில் கால்பங்கான 8.5 சென்டிமீட்டர் தடிமன் இருந்தால் நன்றாக உறிஞ்சும், 2 சென்டிமீட்டர் ஓரளவு உறிஞ்சும். 100 ஹெர்ட்ஸுக்கு அதே கால்பங்கு 85 சென்டிமீட்டர். அரை அங்குல ஃபோமால் முழக்கத்தை நிறுத்த முடியாது என்பது இதனால்தான்.

வரிசை: தகடு, பியூட்டைல் ஷீட், மூடிய துளை ஃபோம், வினைல், ஃபெல்ட், கார்பெட்.

944-இல் எங்கெங்கே ஒட்ட வேண்டும்?

முதலில் பின்சக்கர ஆர்ச்சுகள். இரண்டாவது, அவற்றுக்கு நடுவே உள்ள டிக்கித் தளமும் ஸ்டெப்னி குழியும். மூன்றாவது, பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே இரு புறமும் உள்ள பெரிய தகடுகள். அங்கே கை வைத்தால் ஓடும்போது நடுங்குவது தெரியும். இந்த மூன்றையும் முடித்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள். பலருக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

கதவுகளில் வெளித்தகட்டின் உள்பக்கம் ஒரு ஷீட் போதும். சாத்தும்போதே கனத்த ஒலி கேட்கும், மனசுக்கு நிறைவாக இருக்கும். முன்தளத்தில் தொழிற்சாலையிலேயே ஒட்டிய தார் அட்டைகள் இருக்கின்றன. வெடிக்காமல் இருந்தால் அவற்றைத் தொட வேண்டாம்.

இருக்கை பெல்ட் போல்ட், எர்த் வயர் முனை, வடிகால் துளை, மூடி ஆகியவற்றின் மேல் எதையும் ஒட்டாதீர்கள். ஒட்டுமுன் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்து, வெயில் உள்ள நாளில், உருளையால் அழுத்தி ஒட்டுங்கள். ஷீட்டின் ஓரம் கையைக் கத்திபோல் கிழிக்கும், கையுறை அவசியம்.

எடை எவ்வளவு கூடும்?

ஷீட் இரண்டரை சதுர மீட்டர் ஒட்டினால் 7, 8 கிலோ. வினைல் இரண்டு சதுர மீட்டர் 10 கிலோ. ஃபோம், ஃபெல்ட் எல்லாம் சேர்த்து 20 கிலோ என்று வையுங்கள். 1,180 முதல் 1,350 கிலோ வரை எடையுள்ள காரில் இது ஒரு பயணப்பெட்டி. ஆனால் கூரை முதல் தளம் வரை இரண்டடுக்கு ஒட்டி 60 கிலோ ஏற்றுபவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் 944-இன் எடைச் சமநிலையை வாங்கியதற்கே பொருளில்லை.

ஈரமும் துருவும் வராதா?

வரும், கசிவை நிறுத்தாமல் ஒட்டினால். பேட்டரி முன்கண்ணாடிக்குக் கீழேயுள்ள குழியில் இருக்கும் 944-களில், அமிலம் பட்டுத் தட்டு துருப்பிடித்து ஓட்டையாவதும், மழைநீர் கால்வைக்கும் இடத்துக்கு இறங்குவதும் தெரிந்த கதை. சன்ரூஃப் வடிகால் குழாய் அடைத்தாலும் உள்ளேதான் வரும். கார்பெட்டைத் தூக்கிப்போட்டு, ஒருவர் ஹோஸில் தண்ணீர் அடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச்சோடு உட்கார்ந்து பாருங்கள். முழுக்கக் காய்ந்தபிறகு, துருவை நீக்கிப் பிரைமர் அடித்து, அதன்பின் ஒட்டுங்கள். தளத்தில் திறந்த துளை ஃபோமை நேராக வைக்காதீர்கள், நீரைக் குடித்து வைத்துக்கொள்ளும்.

வீட்டுக் கூரைக்கு ஒட்டும் தார் ஷீட் மலிவாகக் கிடைக்கிறதே?

வேண்டாம். தார் வெயிலில் உருகி ஒழுகும், வாடை போகாது. வீட்டுக்கான தெர்மோகோல், மெத்தை ஃபோம் இவையும் வேண்டாம். கார் உட்புறப் பொருள் தீப்பற்றினால் எவ்வளவு மெதுவாக எரிய வேண்டும் என்பதற்கு எஃப்எம்விஎஸ்எஸ் 302 என்ற அமெரிக்கத் தரம் இருக்கிறது. அந்தக் குறிப்பு இல்லாத எதையும் ஆட்கள் உட்காரும் இடத்தில் வைக்காதீர்கள்.

அடிப்பகுதியில் ரப்பர் ஸ்ப்ரே அடித்தால்?

கல்லடிக்கும் சத்தம் கொஞ்சம் குறையும். சாலை உறுமல் குறையாது. அடியில் உள்ள துருவையும் மறைத்துவிடும். நான் பரிந்துரைப்பதில்லை.

3,000 ஆர்பிஎம் சுற்றி ஒரு முழக்கம் காதை அடைக்கிறது. இதற்கும் ஷீட்டா?

இல்லை. நான்கு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வெடிக்கும். 3,000 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 100 வெடிப்பு, அதாவது 100 ஹெர்ட்ஸ். ஐந்தாவது கியரில் நெடுஞ்சாலை வேகத்தில் இன்ஜின் சுற்றுவதும் ஏறக்குறைய அங்கேதான். சைலன்ஸர் அசலானதா என்று முதலில் பாருங்கள். வெற்றுக்குழாய்போன்ற சந்தைச் சைலன்ஸர் போட்டிருந்தால் காரணம் அதுவே. அடுத்து எக்ஸாஸ்ட்டைத் தொங்கவிடும் ரப்பர் வளையங்கள், தளத்தை எங்கேனும் தொடும் வெப்பத்தகடு, பிறகு இன்ஜின் மவுண்ட்.

பின்னாலிருந்து மெல்லிய 'ம்ம்ம்' என்று இன்ஜின் வேகத்துக்குச் சம்பந்தமில்லாமல் கேட்டால் அது அடியிலுள்ள பெட்ரோல் பம்ப். அதைப் பிடித்திருக்கும் ரப்பர் இறுகியிருக்கும்.

பொருத்திய ஷீட்டால் காரின் அசல் தன்மை கெட்டு மதிப்புக் குறையுமா?

கார்பெட்டுக்கு அடியில், அசல் பாகங்களைத் தூக்கி எறியாமல், அடையாள எண் தகடுகளை மறைக்காமல் செய்தால் குறையாது. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டிய கார்களுக்கான எச் நம்பர் பிளேட் வாங்குபவர்கள், உட்புறத் தோற்றம் அசல்போல இருப்பதில் கவனமாக இருங்கள். வீல் அளவு, சைலன்ஸர் மாற்றங்களைத்தான் பரிசோதகர்கள் முதலில் பார்ப்பார்கள். கழற்றிய ஒவ்வொரு துண்டையும் படம் எடுத்து, பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கடைசியில் எவ்வளவு அமைதியாகும்?

டயர், மவுண்ட், பீடிங், பின்பகுதி ஷீட் எல்லாம் முடித்த ஒரு 944-இல் 3 முதல் 5 டெசிபல் குறைவை எதிர்பார்க்கலாம் என்பது என் மதிப்பீடு. எண் சின்னதாகத் தோன்றும். 3 டெசிபல் என்பது ஒலியாற்றலில் பாதி. காதுக்குப் 'பாதியாகிவிட்டது' என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அது இந்தக் காரில் நடக்காது. நடக்கக் கூடியது வேறு: அலுப்பூட்டும் உறுமலும் கடகடப்பும் போய், இன்ஜின் ஓசை தனியாகக் கேட்கும். 110 கி.மீ. வேகத்தில் குரலை உயர்த்தாமல் பேசலாம். இன்றைய செடானின் மௌனம் வேண்டுமென்றால் இன்றைய செடானைத்தான் வாங்க வேண்டும்.

என்னிடம் இருப்பது எஸ்2 கேப்ரியோலே, அதாவது துணிக்கூரை வைத்த 944. இதெல்லாம் பொருந்துமா?

டயர், பியரிங், மவுண்ட், புஷ் பற்றிய பதில்கள் முழுக்கப் பொருந்தும். கண்ணாடிக் கதவு இல்லை, ஆகவே அந்தப் பகுதியை விடுங்கள். துணிக்கூரை மூடிய நிலையில் அதுவே பெரிய வாசல் என்பதால் தளத்தில் கன வினைல் போடுவது வீண். அந்தப் பணத்தைக் கூரையின் முன்விளிம்பு பீடிங்குக்கும் கதவுக் கண்ணாடிகள் துணியைத் தொடும் உயரத்தைத் திருத்துவதற்கும் செலவிடுங்கள்.